திரை அண்ணன் எழுதிய விதி

பார்ப்பதற்கே பயப்படுகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் செஞ்சியில், எங்கள் ஆபீசில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"அலங்காரம் பண்றப்ப சாமிக்கே திரை போடுறாங்க. பாக்குறதுன்னா சும்மாவா?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். அதனால் அவர் திரை அண்ணன். சொந்தப் பெயர் சம்பள ஸ்லிப்புக்கு மட்டும்தான் தெரியும்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனைத் திறந்தால் இவர் கண்ணை மூடிக்கொள்வார். அப்படியே தூங்கிப்போய், செஞ்சியில் இறங்க வேண்டியவர் திருவண்ணாமலையிலிருந்து லீவு கேட்டிருக்கிறார். ஆபீஸ் ஃப்ரிட்ஜைக்கூடத் தட்டிவிட்டுத்தான் திறப்பார் என்பார்கள். நான் நம்புகிறேன்.

அப்போது ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்காக, போன் எடுத்துத் தமிழில் பதில் சொல்லும் ஏஐ ஏஜெண்ட் செய்துகொண்டிருந்தோம். ரிப்போர்ட்டைத் தேடிப் படிக்க அதற்கு ஒரு டூல். படிக்க மட்டும்தான், திருத்தவோ அழிக்கவோ முடியாது. அது யாருக்காக எதைத் திறக்கலாம் என்று விதி எழுதுவது திரை அண்ணன் வேலை. அவரோ ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி மலை உச்சியில் மேகம் உட்காருவதையும் எழுந்து போவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால், மலையிலிருந்து இறங்கி வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த ஜன்னலைப் பார்த்தால் எங்களுக்கும் பாதி வேலை மறந்துபோகும்.

"படிக்கத்தானே போகுது, இன்னா கெட்டுச்சு?" என்றார் மேனேஜர். "பேரச் சொன்னா எடுத்துப் பாக்கட்டும். வேற ஆளுக்குச் சொல்லாதேன்னு எழுதி வெச்சுட்டா முடிஞ்சுது."

"பாத்துட்டுச் சொல்லாம இருக்கறது மனுசனுக்கே முடியல சார். நைசா கேட்டா கக்கிடும். பேஷண்ட்டு போனுக்கு ஒரு நம்பர் போவட்டும். அதச் சொன்னாத்தான் ரிப்போர்ட்டு தெறக்கணும். அதுவரைக்கும் மிஷினுக்கும் திரைதான்."

லேப் முதலாளி குதித்தார். வேலை போய்விடும் என்று மேனேஜர் மிரட்டினார். அண்ணன் மலையைப் பார்த்தார். விதி அப்படியே நின்றது. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

ஏஜெண்ட் லேபில் போன் எடுக்க ஆரம்பித்த மாதம் எனக்கு நாள் தள்ளிப்போனது. முன்பு ஒருமுறை இப்படி ஆனபோது, மேல்மலையனூரில் இருக்கும் என் பெரிய நாத்தனார் அம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்துக்கே சேதி சொல்லிவிட்டார். கரு கலைந்த பிறகு, ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குக் காபி போட்டே ஓய்ந்துபோனேன். அழக்கூட நேரமில்லை. இந்தத் தடவை கணவரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது என்று, அதே லேபில் சத்தமில்லாமல் ரத்தம் கொடுத்துவிட்டுப் படி இறங்கினேன். எதிரே நின்ற பஸ்ஸின் ஜன்னலில் நாத்தனார்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார், கடுங்கோபத்தோடு.

"இன்னா மிஷினும்மா செஞ்சு வெச்சிருக்கீங்க உங்க ஆபீசுல? என் தம்பி பொண்டாட்டி ரிப்போர்ட்டு இன்னா சொல்லுதுன்னு கேட்டேன். நம்பர் சொல்லுங்க, அது இல்லாம என்னாலயே பாக்க முடியாதுன்னுது. கண்ணுன்னு கூப்ட்டேன், அழுதேன், அம்மன் மேல சத்தியம் வெச்சேன். ஒண்ணும் நடக்கல!"

கல்லிடமும் சேதி வாங்கக்கூடியவர் என் நாத்தனார். ஆனால் தெரியாததை மிஷின் எப்படிச் சொல்லும்? காலையிலிருந்து என் போனில் நம்பர் நம்பராக வந்து விழுந்ததற்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

"அசதியா இருந்துது அண்ணி, அதான் டெஸ்ட்டு," என்று சமாளித்து, காபி கொடுத்து அனுப்பினேன். பிறகு லேபுக்கு நானே போன் போட்டு நம்பரைச் சொன்னேன். நல்ல சேதிதான். கதவைச் சாத்திக்கொண்டு ஆசைதீர அழுதேன்.

மறுநாள் ஆபீசில் திரை அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, டெஸ்ட்டுல எனக்கு..."

பதறிப்போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வேணாம்மா! அது எனக்குத் தெரியணும்னு ஒண்ணும் இல்ல."

"நானாத்தான் சொல்றேன் அண்ணே. உங்களுக்கு மட்டும்."

கையை எடுத்தார். சொன்னேன். மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. எட்டி அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. அவருக்காக, பார்க்காமல் என் சீட்டுக்கு வந்துவிட்டேன்.