ஐஸ் பெட்டிக்காரரின் காலர் டியூன்

காலர் டியூன் விசித்திரமான சொத்து. வைத்திருப்பவருக்கு மட்டும் அது கேட்காது, ஊருக்கெல்லாம் கேட்கும். (வாய் நாற்றமும் அப்படித்தான் என்பார் என் கணவர். யாரை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று நான் கேட்டதில்லை.) இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறுவதற்கு இரண்டு சாவு வீடுகள் தேவைப்பட்டன.

என் அப்பா மருதமுத்து அரியலூரில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். இறந்தவர்களைக் கிடத்தி வைக்கும் கண்ணாடிப் பெட்டி. (பள்ளிக்கூடத்தில் 'எங்கப்பாவுக்கு ஐஸ் பெட்டி யாவாரம்' என்று சொன்னதை நம்பி ஒருத்தி ஒரு வாரம் குச்சி ஐஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். விவரம் தெரிந்ததும் பெஞ்ச் மாறி உட்கார்ந்துவிட்டாள்.) தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி, பிறகு ஒரு சின்ன லோடு வண்டியும் இரண்டு பெட்டிகளும் வாங்கினார். மற்ற நாட்களில் அவரை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பும் வீடுகள்கூட, சாவு விழுந்தால் நடுக்கூடம் வரை வரச் சொல்லும். அங்கே தன் மரியாதை சின்னச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது என்று அப்பா நம்பினார். போன் வந்தால் இரண்டாவது மணியில் எடுத்துவிடுவார்.

"செத்த வூட்லேருந்து மொத போனு நமக்குத்தான் வருது பாப்பா. அவங்க காதுல வுழுற சத்தம் சரியா இருக்கணும்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஏதோ விளம்பர போனில் தெரியாமல் ஒரு பட்டனை அழுத்தித் தொலைத்தார். ஒரு குத்துப்பாட்டு அவருடைய காலர் டியூனாக வந்து உட்கார்ந்துகொண்டது. பத்து நாள் அவருக்கே தெரியாது. கீழப்பழுவூரில் தகப்பனைப் பறிகொடுத்த ஒருவர், "ஏங்க, எங்கப்பன் செத்ததுல ஒங்களுக்கு அவ்வளவு சந்தோசமா?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை. கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "இந்தக் கருமத்த எடுத்துட்டு நல்லதா ஒரு சாமிப் பாட்டு போட்டு வுடு பாப்பா" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது இருபது வயது. பெரம்பலூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். கடவுள் இல்லை என்று இரண்டாம் வருஷத் தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தேன். (வேண்டிக்கொண்டும் கணக்கில் அரியர் விழுந்தது. தத்துவப் பின்னணி அவ்வளவுதான்.) ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்கா எனக்கு எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டுகளைக் காட்டிக்கொடுத்திருந்தாள். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் அந்த வருஷம் முழுக்கத் திரிந்தேன். கிட்டார், தபலா எதுவும் கிடையாது. எல்லாம் கீபோர்டு. பின்னால் மிஷின் தாளம் போர்செட் மோட்டார் போல ஒரே சீராக ஓடும். முன்னால் ஒருவன் ஜலதோஷம் பிடித்த குரலில், கதவைத் தட்டினேன், மேலே யாரும் இல்லை, யாரும் இல்லையென்றால் நான் யாரிடம் கோபித்துக்கொள்வது என்று பாடுவான். நம்பிக்கை பற்றிய பாட்டு என்று சீனியர் அக்கா சொன்னாள். எனக்கு அது நம்பிக்கை இல்லாததைப் பற்றிய பாட்டாகத் தெரிந்தது. இதை வைத்தே நாங்கள் இரண்டு நாள் பேசாமல் இருந்தோம்.

அப்பா கேட்டது சாமிப் பாட்டு. இதிலும் சாமி இருக்கிறாரே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். (இல்லை என்பதுதான் பாட்டே.) சாவு வீட்டுக்குச் சோகமாக, கம்பீரமாக இருக்கும் என்றும் தோன்றியது. நம் ஊரில் யாருக்குப் புரியப் போகிறது என்ற திமிரும் இருந்தது. போட்டுவிட்டேன்.

வாடிக்கையாளர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒருவர், "எவனோ கெணத்துக்குள்ளேருந்து கூப்புடுறாங்க" என்று பயந்து வைத்துவிட்டு வேறு ஆளிடம் பெட்டி எடுத்தார். திருமழபாடியில் புருஷனை இழந்த ஒரு அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்லாட்டம் ஒக்காந்திருந்தேன் தம்பி, ஒங்க போன்ல அந்தப் பாட்டக் கேட்டதும்தான் அழுகையே வந்துச்சு" என்றாராம். பந்தல்காரர் அது இங்கிலீஷ்காரன் ஊதும் சங்கா என்று விசாரித்தார். அப்பா எல்லோரிடமும், "எம்மவ போட்ட பாட்டுங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் தானும் ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் திருமானூர் பக்கம் ஆரோக்கியசாமி என்பவரின் அம்மா இறந்துபோனார்.

நல்ல கோடை. அப்பாவின் உதவியாள் வரவில்லை என்று நான் வண்டியில் ஏறினேன். வேறொரு வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்ததால் அப்பாவால் போனை எடுக்க முடியவில்லை. ஆரோக்கியசாமி விடாமல் அடித்திருக்கிறார். அவர் பாட்டை முழுசாகப் பத்து தடவையாவது கேட்டிருப்பார். பக்கத்தில் அவருடைய மகள் இருந்தாள். நர்ஸ். ஆங்கிலம் தெரிந்தவள்.

பெட்டியை ஏற்றி முடித்துப் போனை எடுத்து, வழி கேட்டுக்கொண்டு நாங்கள் போய் இறங்கியதும் ஆரோக்கியசாமி வண்டியை மறித்தார்.

"எங்கம்மா கையில ஜெபமாலயோட மூச்ச வுட்டுச்சு. ஒனக்கு போன் போட்டா, மேல யாருமில்லன்னு ஒருத்தன் பாடுறான். என்னய்யா நெனச்சிக்கிட்டிருக்க?"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சாமிப் பாட்டுதாங்களே போட்டிருக்கேன்..."

ஆரோக்கியசாமி தன் போனில் ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவின் நம்பரை அடித்தார். அப்பாவின் சட்டைப்பையில் மணி அடித்தது. வாசல் முழுக்க மிஷின் தாளம் பரவியது. இறந்தவரின் தலைமாட்டில் அழுது ஓய்ந்திருந்த ஒரு கிழவி அந்தத் தாளத்துக்குச் சரியாக மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை மறுபடி எடுத்தாள். "உருக்கமாத்தானே இருக்கு" என்றது பந்தலில் ஒரு குரல். "போனப் புடுங்கி ஒடைங்கடா" என்றது இன்னொன்று. அப்பா தன் காலர் டியூனை முதல் முறையாகக் கேட்டது அங்கேதான். வாய் லேசாகத் திறந்திருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சொல்றான் இதுல?"

இரண்டு வருஷமாக நாத்திகம் பேசிய வாய். "ஏசுவப் பத்திதாம்ப்பா, புகழ்ந்து பாடுறாங்க" என்றது. நர்ஸ் மகள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வரி வரியாக, தெளிவான தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி அர்த்தம் சொன்னாள். நல்ல மொழிபெயர்ப்பு. ஒரு குறை சொல்ல முடியாது.

அப்பா இரண்டு கைகளையும் கூப்பினார். "தப்பு எங்களுதுங்க. ஆனா வெயில் அம்மா மேல அடிக்குது. மொதல்ல பெட்டிய எறக்கிடுவோம். அப்பறம் என்னைய அடிக்கறதுன்னா அடிங்க."

யாரும் அடிக்கவில்லை. பெட்டியை இறக்கினோம். யாரும் கை கொடுக்கவும் இல்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவும் இல்லை. திரும்பி வரும்போது அரியலூர் வரைக்கும் அப்பா ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "மாத்திடு பாப்பா" என்றார். அவமானத்தில் அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. பெருமாள் பாட்டு ஒன்றைப் போட்டேன்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நல்லது. மறுநாள் நாலு மணிக்குக் கலியபெருமாள் சார் போன் செய்தார்.

சார் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். எட்டாம் வகுப்பில் அப்பாவுக்கு ஆங்கிலத்தில் மூன்று மார்க் போட்டவர். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நான் அந்த ஆங்கிலப் பாட்டைப் போட்ட புதிதில் அவர் மனைவி இறந்தபோது எங்கள் பெட்டிதான் போனது. அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு அவரிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். அப்பா எடுப்பதற்குள் வைத்துவிடுவார். வயதானவர் வீட்டிலிருந்து மிஸ்டு கால் வந்தால் ஐஸ் பெட்டிக்காரருக்கு ஒரே அர்த்தம்தான். அப்பா பதறித் திருப்பி அடிப்பார். "கை பட்டுடுச்சுப்பா" என்பார் சார்.

அன்றைக்கு வைக்கவில்லை. "மருதமுத்து, பாட்டு என்னாச்சு?" என்றார்.

மிஸ்டு கால் எதற்கென்று அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. என்னை அனுப்பிவைத்தார். சாரிடம் பட்டன் போன்தான் இருந்தது. மெமரி கார்டில் பாட்டை ஏற்றித் தருகிறேன், எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றேன்.

"அப்புடிக் கேட்டா அது வெறும் பாட்டும்மா" என்றார். "போன்ல கேட்டா, யாராச்சும் எடுத்துடுவாங்களோன்னு இருக்கும்."

அவருக்கு அது பக்திப் பாட்டு. இல்லாத ஆளிடம் யாராவது கோபித்துக்கொள்வார்களா என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் ரசனைக்கு அரியலூரில் ஒரு ஆள் கிடைத்துவிட்டார்!

அப்பா தன் போனில் இரண்டாவதாக ஒரு சிம் போட்டார். சாருக்கு மட்டும் அந்த நம்பர், அதில் அந்தப் பாட்டு. சட்டம் போட்டது நான். "அந்த நம்பர்ல மணி அடிச்சா எடுக்காதீங்கப்பா. எடுத்தா பாட்டு நின்னுடும்." வாழ்நாளில் வேண்டுமென்றே போனை எடுக்காமல் இருந்தறியாத மனுஷன் எனக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழகினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் லீவுக்கு வந்திருந்தேன். நாலு மணிக்கு மணி அடித்தது. நானும் அப்பாவும் போனை நடுவில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மறுபடி. ஐந்தாவது தடவை அப்பா கையை நீட்டினார்.

"ஏதாவது அவசரமா இருக்குமோ பாப்பா?"

"அவசரம்னா பழைய நம்பருக்கு அடிப்பாருப்பா. இன்னிக்கு ரொம்ப ரசிக்கிறாரு போல. கேக்கட்டும்" என்றேன். மணி அடிக்கும்போது அம்மா சமையல்கட்டில் பாத்திரத்தை உருட்டினாள். "சார் பாட்டு கேக்குறாரு, சத்தம் போடாத" என்று அவளை அதட்டவும் செய்தேன். (நாங்கள் இங்கே பேசுவது அவருக்குக் கேட்காது என்பது இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்துக்குத் தோன்றவில்லை.) பதினான்கு தடவை அடித்தது. நான் பெருமையோடு எண்ணினேன்.

அதற்குப் பிறகு வாசலில் சார் வந்து நின்றார். பனியன், வேட்டி, காலில் செருப்பு இல்லை.

"அக்கா போயிட்டா மருதமுத்து" என்றார்.

மனைவி போன பிறகு அவருக்குச் சமைத்துப் போட வந்திருந்த அக்கா. டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பக்கத்து வீட்டு கம்பவுண்டர் நாடி பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். பதற்றத்தில் சாரின் விரல் பழகிய நம்பருக்கே போயிருக்கிறது.

அப்பா எழுந்து நின்றார். டீ டம்ளர் கையிலேயே இருந்தது.

"பதினாலு தடவ அடிச்சேன்" என்றார் சார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "மேல யாருமில்லன்னு அவன் பாடிக்கிட்டே இருந்தான். சரி, கீழயும் யாருமில்லன்னு நெனச்சுக்கிட்டு நடந்து வந்தேன்."

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதார்.

"இருந்தேங்க சார். இங்கதான், பக்கத்துலயேதான் ஒக்காந்திருந்தேன். நீங்க பாட்டு கேக்குறீங்கன்னு நெனச்சு எடுக்காம இருந்துட்டேன்."

சார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்பா பெட்டியை ஏற்றினார். சாரை முன் சீட்டில் உட்காரவைத்தார். சார் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "பாட்டு இருக்கட்டும்மா" என்றார். அப்பாவிடம் திரும்பி, "நீ மட்டும் எடு" என்றார்.

அதன் பிறகு அப்பா எடுத்தார். தினமும் நாலு மணிக்கு, பாட்டு ஓடி முடியும் நேரத்தில் எடுத்து, "சொல்லுங்க சார்" என்பார். சாரும் ஏதாவது சொல்வார். சாரின் காலம் வரைக்கும் அது நடந்தது.

எங்கள் வீட்டில் போனை எடுக்காமல் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் ஒரே பதில்தான். "பக்கத்துலதான் இருந்தேன். நீ பாட்டு கேக்குறேன்னு எடுக்கல." என் கணவர் கல்யாணமான முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டார். அம்மாவுக்கு மட்டும் இந்தக் கிண்டல் பிடிக்காது. செத்த வீட்டுச் சமாச்சாரத்தில் என்ன விளையாட்டு என்று முறைப்பாள்.

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த மூன்று நாளும் அம்மா வராந்தாவில் உட்கார்ந்து பெருமாளைக் கூப்பிட்டபடியே இருந்தாள். நாலாம் நாள் காலையில் டாக்டர் வந்து, அப்பா போய்விட்டார் என்று சொன்னார். அம்மா உடனே அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"எத்தன தடவ கூப்புட்டேன். நான் பாட்டு கேக்குறேன்னு நெனச்சு எடுக்கல போலருக்கு."