கிராணி அடித்த கோல்

கோட்டுக்கு வெளியே நிற்கும்வரை எல்லோருக்கும் கால்பந்து தெரியும். எவன் எங்கே ஓடியிருக்க வேண்டும், எவன் பந்தை எவனுக்குத் தந்திருக்க வேண்டும் என்று கச்சான் கடலை கொறித்துக்கொண்டே சொல்லிவிடலாம். எனக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு தோட்டத்து அணிக்கே பயிற்சியாளனாகிவிட்டேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிராணி. (குமாஸ்தாதான். ஆனால் கிராணி என்றால் கொஞ்சம் கெத்து.) தாப்பாவிலிருந்து சரோஜாவைக் கல்யாணம் செய்து அழைத்து வந்திருந்த புதிது. அவள் குளிருக்கு இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு சமைத்த காலம்.

எங்கள் தோட்டத்தில் தட்டையான நிலம் என்று சொன்னால் அது பந்துத் திடல் மட்டும்தான். மற்றதெல்லாம் சரிவு. புதிதாக வந்த துரைக்கு அந்த இடத்தில் தேயிலைக் கன்றுகளுக்கு நாற்றங்கால் போட ஆசை. தோட்டங்களுக்கிடையே நடக்கும் கோப்பைப் போட்டியில் அரையிறுதிக்குப் போனால் திடல் உங்களுக்கு, போகாவிட்டால் கன்றுகளுக்கு என்று ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் பந்து ஆடியவர் யாராவது இருக்கிறீர்களா என்றும் கேட்டார்.

"டீம்ல இருந்தேன் சார்" என்றேன். பொய் இல்லை. இருந்தேன். மற்றவர்கள் ஆடும்போது அவர்களுடைய பைகளைப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்க வேண்டுமே.

நான் பொறுப்பேற்ற பிறகு அணி ஒரு முன்னேற்றம் கண்டது. அதுவரை கடைசி நேரத்தில் தோற்றவர்கள் ஆரம்பத்திலேயே தோற்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடக் கரும்பலகையை இரவல் வாங்கி அம்புக்குறிகள் போட்டு விளக்கினேன். பகலெல்லாம் மலையேறி மருந்தடித்துவிட்டு வந்தவர்களை, உடம்பு வலுப்பட வேண்டும் என்று மறுபடி மலையேற வைத்தேன். கோல் கீப்பர் பாதி வழியில் ஒரு தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிவிட்டான். அப்படியும் நாங்கள் தகுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். எங்களுக்கும் கீழே ஓர் அணி இருந்தது. அவர்களுடைய லோரி வழியில் படுத்துவிட, ஆட்டத்துக்கே வரவில்லை. ரிங்லெட் அணியோடு ஓர் ஆட்டம் பாக்கி, வென்றால் அரையிறுதி.

ஒரு சாயங்காலம் பயிற்சியைப் பார்க்க சரோஜா வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த நெட்டை ஆளும் சுருட்டைமுடிக்காரரும் பேசிக்கொள்வதில்லையா என்று கேட்டாள். நெட்டை ஆள் முனியாண்டி. சுருட்டைமுடி லெட்சுமணன். இருவரும்தான் முன்வரிசை. லெட்சுமணனின் அக்காள் அஞ்சலை, முனியாண்டியின் மனைவி. இதை அவளுக்குச் சொன்னேன்.

"முனியாண்டி பந்தைக் கண்ட எடத்துக்கெல்லாம் அடிக்கிறாரு. மச்சினனுக்கு மட்டும் குடுக்க மாட்டேங்குறாரு. உங்க அம்புக்குறி என்ன செய்யும்?"

விசாரித்தால் விஷயம் மடியில் இருந்தது. அஞ்சலையின் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் லெட்சுமணன் மடியில்தான் குழந்தையை உட்கார வைத்திருக்க வேண்டும். அவன் தாப்பா ரோட்டில் மண்சரிவில் மாட்டிக்கொண்டான். நல்ல நேரம் போகிறது என்று முனியாண்டி வேறு ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிட்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. பந்தும் இல்லை.

சரோஜாவும் அஞ்சலையும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். மாரியம்மன் கோயிலில் குழந்தையை மறுபடி தாய்மாமன் மடியில் உட்கார வைத்துப் புதுத்தோடு போடுவது. காது குத்தியபோதுகூட அழாத குழந்தை அன்று கோயில் அதிர அழுதது. அதைப் பார்த்து லெட்சுமணன் அழுதான். அவனைப் பார்த்து முனியாண்டி அழுதார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். என்னவோ நானே சரி செய்துவிட்டதுபோல நானும் இரண்டு சொட்டு விட்டேன்.

ஆட்டத்தன்று லோரிகளில் தோட்டமே இறங்கி வந்து ரிங்லெட் திடலைச் சுற்றி நின்றது. துரை நாற்காலியில். நான் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளை பெல்பாட்டமும் பாட்டா கடை ஷூவும். (பயிற்சியாளர் என்றால் பார்த்தவுடன் தெரிய வேண்டாமா?)

முதல் பாதியிலேயே முனியாண்டி தட்டிக்கொடுக்க, லெட்சுமணன் அடிக்க, கோல். எங்கள் ஆட்கள் போட்ட கூச்சலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இடைவேளைக்குப் பிறகு ரிங்லெட்காரர்களும் ஒன்று அடித்துச் சமன் செய்தார்கள். மழை தூறியது, பனிமூட்டம் இறங்கியது, நேரம் முடியப் போனது.

அப்போதுதான் முனியாண்டியும் லெட்சுமணனும் பந்தோடு தனியாகப் புகுந்தார்கள். தடுக்க வந்த எதிரணிக் கோல் கீப்பர் சேற்றில் வழுக்கித் தூரத்தில் போய் விழுந்தான். முன்னால் காலி வலை. பந்து முனியாண்டி காலில். அவர் அடிக்கவில்லை. பக்கத்தில் தள்ளினார்.

"நீ அடி மாப்ள."

லெட்சுமணன் பந்தை மரியாதையாகத் திருப்பித் தந்தான். "இல்ல மாமா, நீங்க அடிங்க."

"நீ தாய்மாமன்லா. நீதான் அடிக்கணும்."

இதெல்லாம் நான் நின்ற இடத்துக்குத் தெளிவாகக் கேட்டது. விழுந்த கோல் கீப்பர் எழுந்துகொண்டிருந்தான். அதற்குப் பிறகு என்ன யோசித்தேன் என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். ஒன்றும் யோசிக்கவில்லை. கால்கள் தாமாகவே கோட்டைத் தாண்டின. பெல்பாட்டம் படபடக்க ஓடிப் போய், மாமனுக்கும் மச்சானுக்கும் நடுவில் புகுந்து, வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பந்தைச் சரியாக உதைத்தேன். பந்தும் என் வலது கால் ஷூவும் சேர்ந்தே வலைக்குள் போயின.

நான் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தேன். கூட்டம் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தது. எங்கள் கோல் கீப்பருக்கு மட்டும் மூட்டத்தில் அடித்தது யார் என்று தெரியவில்லை. பந்து வலையில் கிடந்ததைப் பார்த்து, தன் இடத்தை விட்டு நடுத்திடல்வரை ஓடி வந்து குதித்துக்கொண்டிருந்தான்.

ரெஃப்ரி ஒரு மலாய்க்கார ஆசிரியர், சாந்தமான மனிதர். அருகில் வந்து நான் யார் என்று கேட்டார். கிராணி என்றேன். அவருக்குத் தெரிந்த கால்பந்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. கோல் செல்லாது என்று கைகாட்டிவிட்டு, பந்தை எதிரணிக்குத் தந்து விசில் ஊதினார். அவர்கள் நீளமாக ஓர் அடி அடித்தார்கள். அது உருண்டு உருண்டு எங்கள் காலி வலைக்குள் போய்ச் சேர்ந்தது.

ஒற்றை ஷூவோடு திரும்பி நடந்தேன். சரோஜா குடையை முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தாள். குடை குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். அழவில்லை.

மறுநாள் பெரட்டில் எல்லோரும் தலையைக் குனிந்து நின்றோம். திடல் போயிற்று என்றே நினைத்தேன். வேலைக்கு ஆள் பிரித்து முடித்த துரை, தேயிலைக் கன்றுகளை ஃபேக்டரிக்குப் பின்னால் சரிவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். நேற்று லோரியில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த கூட்டத்தைத் தானும் பார்த்ததாகவும், அடுத்த வருஷமும் அவர்கள் அப்படி ஒன்றாகப் போக வேண்டும் என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீம் சரியாத்தான் இருக்கு. கிராணியத்தான் சரி பண்ணணும்."

அடுத்த வருஷம் முனியாண்டியே பயிற்சியாளரானார். எனக்குப் பழைய வேலை கிடைத்தது. பைகளுக்குக் காவல்.

இப்போது பிள்ளைகள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைந்திருக்கிறது. தீபாவளிக்கு எல்லோரும் கூடிச் சாப்பிடும்போது தட்டில் கடைசியாக ஒரு கோழித்துண்டு மிஞ்சும். பெரிய மருமகன் சின்னவரைப் பார்த்து, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்பார். சின்னவர் இல்லையில்லை, நீங்கள் என்று தட்டைத் தள்ளுவார். அடுப்படியிலிருந்தே சரோஜாவின் குரல் வரும்.

"யாராவது சீக்கிரம் எடுங்கப்பா. கிராணி ஓடி வந்துருவாரு."

வீடே சிரிக்கும். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நான் எடுத்துவிடுவேன். இங்கே விசில் ஊத ஆள் இல்லை.