முப்பது அடி தூரத்தில் ஒரு குசினி

வளவு இல. 17,
கருங்காலிக்குளம் குடியிருப்புத் திட்டம்,
புளியங்குளம்.
21.02.1965, ஞாயிறு

அன்பும் மதிப்பும் மிக்க மாமா அவர்களுக்கு,

நலம். இந்தச் சொல்லை எழுதிவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு போட்டு அடிக்கவில்லை. கடிதத்தின் முதல் வரியில் அது இருந்தாக வேண்டும். நீங்களும் மாமியும் ஜெகதீஸ்வரியும் உண்மையாகவே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் குசினி.

அடுத்த ஞாயிறு வீடு பார்க்க வருவதாகவும், பிடித்தால் வைகாசியில் கல்யாணத்துக்கு நாள் வைக்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். ஞாயிறு வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுங்கள். வந்து இங்குள்ள திட்டக் கந்தோரில் அதிகாரியிடம் ஒரே ஒரு வசனம் சொல்ல வேண்டும். அது என்ன வசனம் என்று விளங்க, போன வருடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இந்த ஒரு ஏக்கர் வளவு கிடைத்தபோது கந்தோரில் வீட்டுப் பிளானும் தந்தார்கள். திட்டத்தில் எல்லோருக்கும் ஒரே பிளான். இரண்டு அறை, ஒரு மண்டபம், வீட்டுக்குள்ளேயே பின்பக்கமாகச் சமைக்க எட்டுக்கு ஆறு அடியில் ஒரு குசினி. அதை உங்களுக்கு அனுப்பினேன். அது என் முதல் பிழை. நீங்கள் பதில் எழுதினீர்கள். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வீட்டுக்குள் குசினி வைப்பது கொழும்பாருடைய பழக்கம், அரிசியும் அடுப்பும் படுக்கிற அறையும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் சட்டை, சேலை, தலைமயிர் எல்லாம் தாளித மணம் மணக்கும், என் மகளை அப்படியொரு வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், குசினி தனியாக, தென்கிழக்கு மூலையில், வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளி இருக்க வேண்டும் என்று எழுதி, நீலத் தாளில் படமும் கீறி அனுப்பினீர்கள். நீங்கள் சொன்னபடியே கட்டினேன். மண்சுவர், ஓலைக்கூரை, ஒரு கதவு, ஒரு யன்னல். பெண்கள் இருந்து தேங்காய் துருவ என்று மேசன் சின்னதாக ஒரு விறாந்தையும் இறக்கினார். வீட்டுக்குள் இருந்த குசினியில் நான் புத்தகங்களை அடுக்கினேன். பேராதனையில் படித்த மூன்று வருடமும் சேர்த்த புத்தகங்கள். எட்டுக்கு ஆறு அடி அவற்றுக்குச் சரியாக இருந்தது.

புதுக் குசினியில் இதுவரை நான் ஒரு நாளும் அடுப்பு மூட்டவில்லை. நான் தனியாள். சந்திக் கடையில் சாப்பிடுகிறேன்.

இது இரண்டாவது பிழை என்று சொல்வதா, பிழையே இல்லை என்று சொல்வதா, தெரியவில்லை.

போன மாதக் கடைசியில் திட்ட அதிகாரி கனகலிங்கம் வந்தார். மெலிந்த மனுசன். கையில் தடித்த கொப்பி. வளவு வாசல் படலையில் நின்றபடியே கேட்டார்.

“மாஸ்டர், இந்த வளவில வீடு எத்தினை?”

“ஒண்டு.”

“அங்கால தெரியிறது?”

“குசினி.”

“குசினி வீட்டுக்குள்ள எல்லோ இருக்கு. பிளானில நான்தான் கையெழுத்து வைச்சனான்.”

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். புத்தகங்களை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“இதில சமைக்கிறேல்லை.”

“இல்லை.”

“அங்க சமைக்கிறியளோ?”

“இல்லை. கடையில.”

“அப்ப அது எப்பிடிக் குசினி?”

அவர் அங்கே போய்ப் பார்த்தார். கூரை, கதவு, யன்னல், விறாந்தை. ஆளில்லை. ‘காலி வீடு - 1’ என்று எழுதிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து மாட்டு வண்டி ஒன்று படலையில் நின்றது. ஹமீட் என்று ஒருவர் இறங்கினார். முல்லைத்தீவில் கருவாட்டு வியாபாரம். மார்கழிப் புயலில் வீடு, கடை, தோணி ஒன்றும் மிஞ்சவில்லை. அவருடைய மனைவி சபூறா, மூன்று பிள்ளைகள், ஒரு ஆடு. கையில் கந்தோர்க் கடிதம். வளவு இல. 17, இரண்டாவது வீடு.

ஹமீட் குசினியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மாஸ்டர், கடிதத்தில வீடெண்டு போட்டிருக்கு.”

“அது குசினி.”

“எனக்கு விளங்குது. ஆனா நான் போய் அது குசினியெண்டு சொன்னா, திருப்பியும் பள்ளிக்கூட மண்டபத்துக்குத்தான் போகச் சொல்லுவினம். அங்க முப்பத்தெட்டுக் குடும்பம். ஒரு சேலையைக் கட்டி மறைச்சுப்போட்டு ரெண்டு மாசம் இருந்தனாங்கள்.”

சபூறா வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. இறங்கினால் உரிமை கொண்டாடுவதுபோல் ஆகிவிடும் என்று இருந்திருக்க வேண்டும். ஆடுதான் முதலில் இறங்கியது.

அன்றிரவு குசினியில் அடுப்பு எரிந்தது. மறுநாள் கந்தோருக்குப் போனேன். நியாயம் என் பக்கம் என்ற தெளிவோடு போனேன். அரசாங்கம் எந்த அடிப்படையில் இப்படி வளவுகளைப் பிரிக்கிறது என்று கேட்டேன். கனகலிங்கம் ஒரு கோவையை எடுத்து விரித்து வைத்தார். மேலே இருந்தது ஒரு மனு. புயலில் வீடிழந்த மக்கள் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் இருப்பதால் வகுப்புகள் நடக்கவில்லை, திட்டத்துக்குள் காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு கூரையையும் அதிகாரிகள் நேரில் போய்க் கண்டுபிடித்து அவர்களைக் குடியேற்றுவது மனிதக் கடமை என்று அதில் இருந்தது. எழுத்து என்னுடையது.

“நல்ல தமிழ் மாஸ்டர். கந்தோரில எல்லாரும் வாசிச்சம். ‘ஒவ்வொரு கூரையையும்’ எண்டதை எங்கட பெரியவர் கோடு போட்டு வைச்சிருக்கிறார். தேர்தல் வேற வருது.”

அப்படியானால் அதைக் குசினி என்று நிரூபிக்க என்ன வழி என்று கேட்டேன். அதில் சமைக்க வேண்டும் என்றார். அதில்தான் இப்போது சமைக்கிறார்களே என்றேன்.

“ஆர்?”

“ஹமீட் வீட்டுக்காரர்.”

“பாருங்கோ, நீங்களே ‘வீடு’ எண்டு சொல்லுறியள். ஒரு குடும்பம் சமைச்சுச் சாப்பிட்டு இருக்கிற இடம் வீடுதானே. நீங்கள் இருக்கிறதுதான் மாஸ்டர் எனக்கு யோசினை. அடுப்பில்லை, பாத்திரமில்லை, ஒரு அறை முழுக்கப் புத்தகம். அதை நான் என்னெண்டு பதியிறது?”

மெதுவாக எழும்பினேன். ஆட்சேபம் இருந்தால் மார்ச் முதலாம் திகதிக்குள் தக்க சாட்சியோடு வரச் சொன்னார். வராவிட்டால் வளவு நிரந்தரமாக இரண்டாகும். நடுவில் வேலி. குசினியும் அரை ஏக்கரும் கிணறும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நானும் குசினியில்லாத, தண்ணீரில்லாத ஒரு வீடும். அதைப் பார்க்க நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தால், படலையைத் திறக்காமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவீர்கள். வைகாசி வராது.

இதுதான் என் பயம். மற்றதெல்லாம் தொந்தரவு.

தொந்தரவுகளையும் சொல்லிவிடுகிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டும். கந்தோரிலிருந்து வந்த அன்று பின்னேரமே, நான் இருப்பதாவது வீடாக இருக்கட்டும் என்று, புத்தக அறையில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினேன், விறகு ஈரம், யன்னலை மறைத்துக்கொண்டு அலுமாரி நிற்கிறது, புகை போக இடமில்லாமல் முழு வீட்டையும் சுற்றிவந்து முன்கதவால் போனது, அடுத்த வளவு ஏரம்பண்ணர் வீடு எரிகிறது என்று நினைத்து இரண்டு வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, ஒன்றை அடுப்பிலும் ஒன்றைப் புத்தகங்களிலும் ஊற்றினார், பொருளாதாரக் குறிப்புகள் முழுவதும் போய்விட்டன, இப்போது நான் அறிந்த பொருளாதாரம் என்பது நினைவில் உள்ளது மட்டும்தான். இவ்வளவையும் சபூறா குசினி விறாந்தையில் நின்று பார்த்துவிட்டு, ஒரு கோப்பையில் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து படியில் வைத்தார். “மாஸ்டர், நீங்கள் இனிச் சமைக்காதேங்கோ. பிள்ளையள் பயப்பிடுதுகள்” என்றார். சாப்பிட்டேன். அன்றைக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஏரம்பண்ணரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் எங்கள் குடியிருப்பாளர் சங்கத் தலைவர். அவருக்கும் தனிக் குசினி. இந்தத் திட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அத்தனை பேருக்கும் தனிக் குசினிதான். என் வளவில் நடந்ததைக் கண்டு ஒரு கிழமைக்குள் எல்லோரும் தங்கள் குசினிகளை வீடு இல்லாததுபோல் ஆக்கத் தொடங்கினார்கள். ஒருவர் யன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். ஒருவர் கதவைக் கழற்றிக் கட்டிலாகப் போட்டிருக்கிறார். ஏரம்பண்ணர் ஒரு படி மேலே போய்க் குசினிக்குள் பசுமாட்டைக் கட்டினார். கனகலிங்கம் வந்து பார்த்து, மாட்டுக்கொட்டில், கிணற்றிலிருந்து பன்னிரண்டு அடி, விதிப்படி ஐம்பது அடி இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனார். இப்போது கொட்டிலை மாற்றச் சொல்லி அவருக்கு அறிவித்தல். “கொட்டில் எண்டால் உடைக்க வேணும், குசினி எண்டால் ஆள் வரும். என்ன சொல்லுறது தம்பி?” என்று என்னைக் கேட்கிறார், நான்தான் கொட்டிலுக்கும் குசினிக்கும் வரைவிலக்கணம் எழுதியவன்போல.

அவரே ஒரு மனுவுக்கும் யோசனை சொன்னார். ஹமீட் குடும்பத்தை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று.

“எங்கட சனம் இருக்கிற இடம் தம்பி. அதுகள் மாடு சமைக்குங்கள்.”

“இதுவரைக்கும் மீன்தான் அண்ணை.”

“உமக்கெப்பிடித் தெரியும்?”

நான் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

“சரி விடும். உமக்கு நல்ல தமிழ் வரும். நீர்தான் எழுத வேணும்.”

கை வலிக்கிறது என்றேன். இனி மனு எழுதுவதில்லை என்று இருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் ஹமீட் கிணற்றடியில் நின்றார். நீங்கள் வருவது அவருக்குத் தெரியும். இந்தத் திட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“மாஸ்டர், ஞாயிறு மாமா வரேக்க நாங்கள் பின்பக்கத்தில நிக்கிறம். சாமானெல்லாத்தையும் பாயால மூடிவிடுவம். சபூறாவைச் சமையலுக்கு வந்தவா எண்டு சொல்லுங்கோ. அவர் திரும்பிப் போகுமட்டும் அது குசினி மாதிரியே இருக்கும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முல்லைத்தீவில் அவருக்கு ஆறு யன்னல் வைத்த வீடு இருந்ததாம். நான் வாளியை இறக்கினேன். ஏற்றினேன். அவருடைய குடத்தையும் நிரப்பினேன்.

ஆனாலும் சட்டம் சட்டம். மார்ச் முதலாம் திகதி திங்கட்கிழமை. அதற்கு முன் நீங்கள் அந்த நீலப் படத்தின் பிரதியோடு வந்து, கனகலிங்கத்தின் முன்னால், “இது நான் சொல்லிக் கட்டுவித்த குசினி” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனம்தான். பென்சன் எடுத்த உத்தியோகத்தர் சொன்னால் ஏற்றுக்கொள்வார். ஹமீட் குடும்பத்துக்கு அரசாங்கம் வேறு இடம் பார்க்கும். பார்க்க வேண்டும். பார்க்கும் என்றுதான் என் மனுவிலும் எழுதியிருந்தேன்.

மாமியின் முழங்கால் நோ குறையட்டும். பஸ்ஸில் வலப்பக்கம் இருங்கள், இடப்பக்கம் வெயில். எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகனாக இருக்கிற, இருக்க விரும்புகிற,
கதிர்காமநாதன்

பின்குறிப்பு: 23.02.1965, செவ்வாய். ஞாயிறு தபாற்கந்தோர் பூட்டு. நேற்று முழுவதும் இக்கடிதம் சட்டைப் பையில் இருந்தது. குசினி பற்றி நான் எழுதியிருந்ததற்கு இன்று காலை ஜெகதீஸ்வரியின் பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

“அத்தான், குசினி போகுதெண்டு ஏன் இவ்வளவு கவலைப்படுறியள்? பன்னிரண்டு வயசிலயிருந்து நான் இங்க குசினிக்கும் வீட்டுக்கும் இடையில சோத்துப்பானையோட நடக்கிறன். மாரியில ஒரு கையில பானை, ஒரு கையில குடை, காலுக்குக் கீழ சேறு. அப்பா ஒருக்காலெண்டாலும் தூக்கினவரோ? ஆறிப்போச்சு எண்டு சொல்ல மட்டும்தான் தெரியும். அந்தக் குசினியை அந்தச் சனத்துக்கே விடுங்கோ. புத்தகத்தை மண்டபத்துக்கு எடுங்கோ, அலுமாரியைத் தள்ளி யன்னலைத் திறவுங்கோ. வீட்டுக்குள்ள அடுப்பெண்டால் வைகாசியில வாறன். முப்பது அடியெண்டால் வேற பொம்பிளை பாருங்கோ.”

பத்து மணிக்குக் கந்தோருக்குப் போய், ஆட்சேபம் இல்லை, அது வீடுதான் என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டேன். கிணறு இரண்டு பக்கத்துக்கும் பொது என்று கனகலிங்கம் தானாகவே சேர்த்துக்கொண்டார். அலுமாரியைத் தள்ளிவிட்டேன். ஆகவே வியாழன், வெள்ளி வர வேண்டாம். நீலப் படமும் வேண்டாம். ஞாயிறே வாருங்கள். மத்தியானச் சாப்பாடு சபூறா வீட்டில், மீன்.

இவ்வளவும் எழுதிய பிறகுதான் நினைவு வருகிறது, ஜெகதீஸ்வரி எனக்குக் கடிதம் எழுதுவது உங்களுக்குத் தெரியாது. தாளில் இனி இடமில்லை. தபால் பஸ் சந்தியில் கோர்ண் அடிக்கிறது.