சிவப்புச் சீட்டார் பாடப்பொருள் தேர்ந்த படலம்

வாழ்க அவர்! வாழ்க அவர் வலக்கைக் கட்டைவிரல்! பன்னிரண்டு ஆண்டுகளாகத் தண்ணீர்க் குழாய்த் தொழிற்சாலையின் தரச்சோதனை மேசையில் வீற்றிருந்து, சொட்டப்போகும் குழாயை முதற்சொட்டு விழுமுன்னே அறிந்து, இறுகாத திருகை இருட்டிலும் இனங்கண்டு, தேறியதன் நெற்றியில் பச்சைச் சீட்டும் தேறாததன் நெற்றியில் சிவப்புச் சீட்டும் ஒட்டி, பச்சையை வண்டியேற்றி உலகுக்கு அனுப்பி, சிவப்பைத் தம் காலடிக் கூடையிலேயே சிறைவைத்து, உற்பத்தி மேலாளர் மூவரின் உறக்கத்தைக் கெடுத்த மாவீரர்! 'சிவப்புச் சீட்டார்' என்று முதுகுக்குப் பின்னால் எல்லோராலும், முகத்துக்கு நேரே இரண்டொருவராலும் அழைக்கப்பட்டவர். விடுமுறை நாளிலும் சட்டைப்பையில் அந்த ஒட்டுச் சீட்டுச் சுருள்கள் இரண்டும் இல்லாமல் வாசல் தாண்டாதவர். முடிதிருத்தும் கடையில் நாற்காலி ஆடினால், அதற்கொரு சிவப்பை ஒட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

அத்தகையவரை இப்பூவுலகில் ஒரே ஒரு சோதகர்தான் இன்னும் ஏற்கவில்லை. ஒரு வயதும் பத்து மாதமும் நிரம்பியவள், பதினாறு பற்படையுடையாள், 'அம்மா', 'தா', 'வேணா' என்னும் மூன்றே சொற்களால் மூன்று அறை வீட்டை ஆண்டுவந்தவள், பட்டாணி என்னும் செல்லப்பெயர் பூண்ட அவருடைய மகள்தான் அவள். ஆய்வுக்கூடத்தில் இரத்தம் சோதிக்கும் அவள் தாய்க்கு, விடுப்பும் விடுப்பின் நீட்டிப்பும் நீட்டிப்பின் நீட்டிப்பும் முடிந்துபோயின. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். சீட்டார் மாலை வேலைமுறைக்கு மாறிக்கொண்டார். இனிக் காலைப்பொழுதெல்லாம் தகப்பனும் மகளும் மட்டுமே. இதற்கு மூன்று முறை ஒத்திகை பார்த்தார்கள். தாய் படியிறங்கிய கணமே மகள் எழுப்பிய ஓலத்தில், முதல் ஒத்திகைக்கு மாடிவீட்டார் ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். மூன்றாவதற்கு யாரும் வரவில்லை, பழகிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் மனைவியின் ஆணை பிறந்தது.

"என்னங்க, வீட்டுல வச்சு அவளுக்குச் சொல்லிக் குடுக்க ஏதாவது வாங்கிட்டு வாங்க. ஒண்ணே ஒண்ணு! அலமாரில இடமில்ல. அவளையும் கூட்டிட்டுப் போங்க, பழகட்டும்."

வீரருக்குப் பயமாக இருந்தது. ஆயினும் சரியான பாடப்பொருள் ஒன்று மட்டும் கைக்குக் கிடைத்துவிட்டால், அதைக் கண்டு மகள் தம் மடிக்கு வந்துவிடுவாள் என்று உள்ளூர நம்பினார். நம்பியவர் சும்மா இருப்பாரா? இரண்டு சுருளையும் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

கேளீர், அவர் புகுந்த களத்தின் சிறப்பை! மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடி முழுதும் விரிந்து, எண் பலகையும் எழுத்துப் பலகையும் அணிவகுத்து, 'உங்கள் குழந்தை மேதையாகும்' என்று ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு நிறத்தில் சத்தியம் செய்துகொண்டு நிற்கும் பெருங்கூடம் அது. அதனை ஆண்டவர், மூக்குக்கண்ணாடிக்குச் சங்கிலி பூட்டிய கடையரசியார். இருபது வருடமாகக் குழந்தைகளையும், குழந்தைகளை விட மோசமான பெற்றோர்களையும் பார்த்துச் சலித்தவர். ட்ராலியின் குழந்தை இருக்கையில் பட்டாணியை அமர்த்தினார் சீட்டார். அமர்ந்தவள் அழத் தொடங்கினாள். அந்த முழவொலி பின்னணியில் முழங்க, போர் மூண்டது.

முதலில் எதிர்ப்பட்டது வடிவப்பெட்டி. வட்டத்துளையில் வட்டமும் சதுரத்துளையில் சதுரமும் புகவேண்டிய மரப்பேழை. சீட்டார் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். காதருகே வைத்துக் குலுக்கினார். ஒற்றைக்கண் மூடி உள்ளே நோக்கினார். கட்டைவிரல் நகத்தால் வண்ணத்தைச் சுரண்டினார். நால்வகைச் சோதனைக்குப் பின் சதுரக்கட்டையை எடுத்து வட்டத்துளையில் அழுத்த, அந்தோ, அது சுகமாக உள்ளே போய்விட்டது! நெறி தவறிய அத்துளையைக் கண்டு அவர் கண் சிவந்தது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பட்டென்று ஒட்டினார் ஒரு சிவப்பை.

ஒட்டியதை அலமாரியில் திரும்ப வைக்கலாமா? தேறாத சரக்கு இன்னொருவர் கைக்குப் போகவே கூடாது என்பதல்லவா தொழிற்சாலைத் தருமம்! கூடை வேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்தவர், பட்டாணியின் மடியருகே, ட்ராலிக்குள்ளேயே அதைச் சிறைவைத்தார். அழுகை அரை நொடி நின்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்து மணிச்சட்டம். கம்பிக்குப் பத்து மணி என்று பெட்டியில் போட்டிருக்க, நாலாவது கம்பியில் ஒன்பதே இருந்தன. சிவப்பு. அடுத்து விலங்கு அட்டைகள். ஐந்து வாத்து என்றெழுதிய அட்டையில், புல்லுக்குப் பின்னால் ஆறாவது வாத்தின் வால் தெரிந்தது. அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால்தான் தெரியும். அவர் விட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். சிவப்பு. அதன்பின் பேசும் பலகை. பசுவை அழுத்தினால் பூனை கத்தியது. பூனையை அழுத்தினால் நன்றி சொன்னது. சிவப்பு, சிவப்பு! இவ்வாறாக ஏழு பொருள்கள் வீழ்ந்து ட்ராலியை நிறைக்க, கடையரசியார் சங்கிலி அதிர நடந்துவந்து முழங்கினார்.

"சார், இது வெளையாட்டுச் சாமான். ராக்கெட் இல்ல. எதுக்கு எல்லாத்துலயும் பொட்டு வைக்கிறீங்க?"

"மேடம், இதுல ஒண்ணு கூடத் தேறல" என்றார் வீரர், பன்னிரண்டு வருடம் மேலாளர்களிடம் சொல்லிவரும் அதே குரலில்.

"அந்தப் பசை உரியாது சார். ஒட்டினதெல்லாம் நீங்கதான் வாங்கியாகணும்."

இதைக் கேட்டும் அஞ்சாதவராய் அவர் எட்டாவது பொருளை எடுத்தார். அது வளையக் கோபுரம். பெரிதிலிருந்து சிறிதாக ஆறு மரவளையங்கள், நடுவே ஒரு தண்டு, அவ்வளவுதான். கவிழ்த்தார், குலுக்கினார், நோக்கினார், சுரண்டினார். குறை இல்லை! இன்னொரு முறை சுரண்டினார். ஊஹூம், இல்லை! ஒரு பச்சையை ஒட்டி, கோபுரத்தை மகள்முன் நீட்டினார். பட்டாணி அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் அதைப் பற்றினாள். அந்தக் கணத்துக்காகத்தானே ஐயா அவர் வந்தது!

விதி வலிது. இந்த மனிதர் மனம் மாறுவதற்குள் ஒரு பொருளையாவது விற்றுவிட வேண்டும் என்று தவித்த கடையரசியார், "இத நான் பில்லுக்கு வச்சிடறேன்" என்று கோபுரத்தைக் குழந்தையின் கையிலிருந்து உருவிக்கொண்டு கல்லாவை நோக்கி விரைந்தார்.

பின்னர் எழுந்த ஓலத்தை எவ்வாறு உரைப்பேன்! பொம்மை மங்கையர் மூவர் அலமாரியிலிருந்து கவிழ்ந்தனர். மருந்துக்கடைக்காரர் படியேறி வந்து பார்த்தார். "அழாதடா, அழாதடா, அப்பா இருக்கேன்ல" என்று சீட்டார் குனிய, அதுவே பிழை என்பதுபோல் ஓலம் இரட்டித்தது. குனிந்தவரின் சட்டைப்பையிலிருந்து சுருள்கள் இரண்டும் ட்ராலிக்குள் உருண்டன. அதையும் அவர் கவனிக்கவில்லை. திங்கட்கிழமையை நினைத்தபடி, தோற்ற வீரராய், கவிழ்ந்த பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கினார். மூன்றாவது பொம்மையை எடுக்கும்போதுதான் உறைத்தது, கூடம் அமைதியாகிவிட்டது.

திரும்பிப் பார்த்தார். பட்டாணி மணிச்சட்டத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். காதருகே வைத்துக் குலுக்கினாள். ஒற்றைக்கண் மூட முயன்று இரண்டையும் மூடிக்கொண்டு நோக்கினாள். பிஞ்சு நகத்தால் சுரண்டினாள். பிறகு ஒரு சிவப்பை உரித்து, ஏற்கெனவே இருந்த சிவப்பின் மேலேயே ஒட்டி, மடியோடு அணைத்துக்கொண்டாள்.

பட்டறியாத பாடம் பட்டென்று கற்ற அந்த மழலைச் சோதகரின் அருகே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழந்தாளிட்டார் வீரர். அவள் பார்வை அவர்மேல் விழுந்தது. முடியைப் பற்றி அவர் தலையைக் கவிழ்த்தாள். காதைப் பிடித்துக் குலுக்கினாள். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு மூக்குக்குள் நோக்கினாள். கன்னத்தைச் சுரண்டினாள்; அது வலித்தது. பின் கையை மெல்லப் பச்சைச் சுருளின்மேல் வைத்தாள். யோசித்தாள். அதைத் தள்ளிவிட்டு, சிவப்பை உரித்து, அவருடைய இடப்புருவத்தின்மேல் பட்டென்று ஒட்டினாள்.

இத்தனை வருடம் எத்தனையோ குழாய்களுக்குத் தாம் செய்தது என்ன என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"சார், பில் போடலாம், வாங்க" என்று கடையரசியார் வந்து அவர் முழங்கையைத் தொட்டார்.

அவ்வளவுதான். இருக்கையிலிருந்து பாதி எழுந்து, தகப்பனின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பற்றி, கடை முழுதும் அதிரப் பிறந்தது அந்தப் பேரறைகூவல்:

"வேணா! தா! தா!"

சீட்டார் ட்ராலியைப் பார்த்தார். கல்லாவைப் பார்த்தார். பச்சை ஒட்டிய ஒன்று பிடுங்கப்பட்டு அங்கே கிடந்தது. சிவப்பு ஒட்டியதெல்லாம், ஒன்று விடாமல், அவள் மடியைச் சுற்றி இருந்தது. காலையிலிருந்து அவர் கற்பித்த ஒரே பாடம் அதுதான். அதை அவள் அட்சரம் பிசகாமல் கற்றிருந்தாள். மேடம் பார்க்கிறாரே என்றும் பாராமல், மகளின் தோளில் முகம் புதைத்துக்கொண்டு, வீரர் அழுதேவிட்டார்.

ஏழு பெட்டிகளைத் தோளிலும் கக்கத்திலும், எட்டாவதாக மகளை இடுப்பிலும் ஏந்தி, வெற்றிவேந்தராய் அவர் வீடு புகுந்தபோது, வாசலில் நின்ற மனைவி, "ஒண்ணே ஒண்ணுதானே சொன்னேன்?" என்றாள். "எல்லாம் தேறாத சரக்கு. வெளிய விடக்கூடாது" என்றார் அவர். தேறிய அந்த ஒரே கோபுரம் கல்லாவிலேயே மறக்கப்பட்டுக் கிடந்தது. எண்ணெய் தடவி, வெந்நீர் ஒற்றி, நகத்தால் நிமிண்டி, புருவத்துச் சீட்டை உரித்தபோது பாதிப் புருவமும் கூடவே வந்தது. அதைப் போர்க்களத்து விழுப்புண்ணாக ஏற்று, கண்ணாடிமுன் நெடுநேரம் நிமிர்ந்து நின்றார் சிவப்புச் சீட்டார்.

திங்கட்கிழமை காலையில் அம்மா கிளம்பியபோது பட்டாணி ஐந்து நிமிடம்தான் அழுதாள்.