வல்லூறு பறக்கவே இல்லை

நடக்காத யுத்தத்துக்காக நிஜமாகவே ரத்தக்கொதிப்பு மாத்திரை விழுங்கிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் காரைக்குடியில், எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸில், என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். விங் கமாண்டர் என்றால்தான் ஆபீஸில் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனே "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்பார்.

கமாண்டர் விமானத்தில் ஏறியதே கிடையாது. மச்சானைச் சவூதிக்கு வழியனுப்ப மதுரை ஏர்போர்ட் வாசல்வரை போனதோடு அவருடைய வான்படை அனுபவம் முடிந்தது. ஆனால் ஆபீஸ் விட்டதும் செக்காலையில் இருந்த வீட்டு மாடி அறைக்கு ஏறிவிடுவார். பழைய அம்பாசடர் காரிலிருந்து பிடுங்கிய சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டுவார்.

அந்த விளையாட்டில் உலகத்துப் போர் விமானங்கள் எல்லாம் அச்சு அசலாக உண்டு. மற்றவர்கள் அவற்றை ஓட்டி, சுட்டு, விழுந்து, நிம்மதியாகச் சாப்பிடப் போவார்கள். இவருக்கு அது போதாது. வரலாறு கொஞ்சம் வேறு பக்கம் திரும்பியிருந்தால் என்ன விமானம் வந்திருக்கும் என்று யோசிப்பார். அப்புறம் இறக்கை, என்ஜின், துப்பாக்கி எல்லாவற்றையும் தானே வரைந்து, கணக்குப் போட்டு, விளையாட்டுக்குள் ஏற்றிப் பறக்கவிடுவார். அது பறக்காவிட்டால் வீட்டில் பூகம்பம்.

அவர் மனைவியை எல்லோரும் டீச்சர் என்போம். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். கோபத்தில் கமாண்டருக்கு மேலதிகாரி.

"மாடியில என்ஜின் சூடாயிருச்சுன்னு அவுக கத்துறாக. கீழ எனக்குக் குக்கரே சூடாகலை, சிலிண்டர் தீந்துபோச்சு. பதிவு பண்ணுங்கன்னா, 'இப்ப எதிரி பின்னாடி வாரான்'ங்கிறாக. வரட்டும், அவனையாவது பதிவு பண்ணச் சொல்லுங்க!"

கமாண்டரின் செல்லப் பிள்ளை வல்லூறு. பர்மாவுக்கு இரண்டாம் உலக யுத்தம் வருமுன்பே அங்கே வட்டிக்கடை வைத்திருந்த நம் செட்டிநாட்டு ஆட்கள் சுதாரித்து, அங்கே போட்ட முதலீட்டையெல்லாம் இங்கே திருப்பி, ஒரு விமானப் பட்டறை வைத்திருந்தால்? யுத்த காலத்து ஓடுதளம்தான் ஊருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறதே. அங்கிருந்து கிளம்பும் ஒற்றை ஆள் விமானம்தான் வல்லூறு.

"துப்பாக்கி நாலுதான் இருக்குண்ணே. எட்டா வச்சிருங்களேன், கற்பனைதானே" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மேஜை மேல் டீ கிளாஸ் குதித்தது. "கற்பனைன்னா எடை இல்லாமப் போயிருமாய்யா? எட்டுத் துப்பாக்கிய வச்சா மூக்கு கீழ இறங்கும். யாரு பிடிச்சுத் தூக்குவா, ஒம் மாமனாரா?"

வல்லூறுக்கு ஒரு குறை இருந்தது. கொஞ்சநேரம் மல்லுக்கட்டினால் என்ஜின் கொதித்துவிடும். அதனாலேயே பாதிச் சண்டையில் தோற்கும். அதைச் சரிசெய்யக் கூடாதா என்றதற்கும் திட்டுத்தான். "அந்தக் காலத்து என்ஜின், நம்மூரு சித்திரை வெயிலு. கொதிக்கத்தான்யா செய்யும். பொய் சொல்லலாம், புளுகக் கூடாது."

இப்படி யோக்கியமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தவர் தலையில்தான் அந்த இடி விழுந்தது. விளையாட்டு நண்பர்களுக்கு அவர் அனுப்பிய படத்தை எவனோ ஒரு புண்ணியவான் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, கொஞ்சம் கறையும் பூசி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டான். 'வரலாறு மறைத்த உண்மை! செட்டிநாட்டில் தமிழன் கட்டிய போர் விமானம்! முழுக்கப் பர்மாத் தேக்கு! இறக்கையில் முட்டை வெள்ளைக்கரு பூசியதால் ராடாரில் தெரியாது! தோல்வியே அறியாதது! பகிராதவன் தமிழனே இல்லை!'

எங்கள் ஆபீஸ் குரூப்பிலேயே வந்தது. கமாண்டரின் முகம் போன போக்கைப் பார்த்து நான் மாத்திரையைத் தேடினேன்.

"தேக்கா? தேக்குல கட்டுனா அது விமானமாய்யா, கதவுய்யா! முட்டையப் பூசினாச் செவரு பளபளக்கும். ராடாருக்கு என்னய்யா முட்டை? தோக்கவே தோக்காதாம். தோக்காத விமானத்த நான் எதுக்குய்யா செய்யப்போறேன்?"

அனுப்பியவர்களுக்கெல்லாம் போன் போட்டார். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "அனுப்புனாக, அனுப்புனேன்." எனக்கும் அன்றுதான் ரத்தம் கொதிக்க ஆரம்பித்தது. படித்தவர், படிக்காதவர், பல் விழுந்தவர் எல்லோரும் யோசிக்கிற வேலையைக் கட்டைவிரலிடம் ஒப்படைத்துவிட்டார்கள். சந்தையில் கத்தரிக்காயைக் கூடக் காம்பைப் பிடித்து, முகர்ந்து பார்த்து வாங்குகிற ஊர் இது! எங்கள் மேனேஜர் ஒரு படி மேலே போனார். "நம்ம ஊருக்குப் பெருமைதானய்யா, விட்டுத் தள்ளுங்க." பொய்யில் என்னய்யா பெருமை? ஆயிரம் சன்னல் வைத்து வீடு கட்டிய ஊருக்கு இல்லாத பெருமையா?

வல்லூறுக்குப் பாராட்டு விழா என்று ஒரு திருமண மண்டபத்தில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். போகவேண்டாம் என்று நான் தடுத்தேன். கமாண்டர் கேட்கவில்லை. அவர் பின்னாலேயே ஓடினேன். மேடையில் நிலம் விற்கிற பிரமுகர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்க தாத்தா அந்த வல்லூறுல பறந்து பறந்து சண்டை போட்டவுக..."

கமாண்டர் மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். "அப்படி ஒரு விமானமே கெடையாது! போன வருசம் எங்க வீட்டு மாடியில நாந்தான் செஞ்சேன்!"

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "யாருய்யா இந்தாளு, ஜப்பான்காரன் கையாளா?"

அவ்வளவுதான். இழுத்துத் தள்ளினார்கள். சட்டை கிழிந்தது, கண்ணாடி நொறுங்கியது. "அவரு செஞ்சதுதான்யா, அவரக் கேளுங்கய்யா!" என்று கத்திய எனக்கும் விலாவில் ஒரு முழங்கை கிடைத்தது. இல்லாத விமானத்துக்கு மாலை போட்டார்கள். அதைச் செய்த மனிதரைத் தெருவில் தள்ளினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

கமாண்டரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் நின்ற டீச்சர் கிழிந்த சட்டையைப் பார்த்தார். அவரைத் திட்டவில்லை. அந்தப் பிரமுகருக்குப் போன் போட்டார். ஒருகாலத்தில் டீச்சர் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஆள்தானாம்.

"டேய், டீச்சர் பேசுறேன். ஒங்க தாத்தா பொறந்த வருசம் என்ன? யுத்தம் முடிஞ்ச வருசம் என்ன? கழிச்சுச் சொல்லு."

அந்தப் பக்கம் "நாப்பத்தி நாலு... நாப்பத்தஞ்சு..." என்று இழுப்பது எனக்கே கேட்டது.

"கைவிரல வச்சாவது எண்ணுடா. தொட்டில்ல கெடந்த புள்ள எப்படிடா ஏரோப்ளேன் ஓட்டும்? பொய் சொல்றதுக்கும் கணக்கு வேணும். வையி போனை!"

அன்றே கமாண்டர் வல்லூறைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டார். அதோடு அவருடைய கோபமும் அழிந்துபோனது. ஆபீஸில் எதற்கெடுத்தாலும் "சரிங்க" என்றார். ஆறிப்போன டீயை மறுபேச்சில்லாமல் குடித்தார். மேனேஜர் அவர் வேலையைத் தன் வேலை என்று மேலிடத்துக்கு எழுதியபோதுகூட "பரவால்லைங்க" என்றார்.

டீச்சர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, இந்த வாரம் பூரா வேணும்னே சாம்பார்ல உப்புப் போடல. வாயத் தொறக்காமச் சாப்புட்டுட்டுப் போறாக. எனக்குப் பயமா இருக்கு." அந்தக் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை.

மறுநாள் நான் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு விமானம் வரைந்தேன். சக்கரத்துக்குப் பதில் தோணி. மூன்று என்ஜினும் ஒரே இறக்கையில். வால் கிடையாது. அதைக் கமாண்டர் மேஜையில் வைத்தேன்.

"என்ன இது?"

"போர் விமானம்ணே. கண்டரமாணிக்கத்துப் பக்கம் ஏதாவது ஊரணியிலேர்ந்து கிளம்பும்."

படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கழுத்து நரம்பு ஒன்று மெல்லத் துடிக்க ஆரம்பித்தது.

"ஊரணியிலேர்ந்தா? ஊரணி நீளம் என்னன்னு தெரியுமாய்யா ஒனக்கு? படிக்கட்டுல முட்டிக்கிட்டுச் சாகவா? மூணு என்ஜினும் ஒரே பக்கம் இருந்தா இது பறக்குமா, கோயிலப் பிரதட்சணம் பண்ணுமா? வாலு எங்கய்யா? வாலில்லாம எப்படிய்யா திருப்புவ? ஒன்னையெல்லாம் பள்ளிக்கூடத்துல சேத்தவனச் சொல்லணும்! குடுய்யா அந்தப் பேனாவ!"

ஆபீஸே எழுந்து நின்றது. மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கமாண்டர் என் படத்தின் மேல் வெறியோடு கோடு கோடாக இழுத்துக்கொண்டே, என் மூளையில் ஆரம்பித்து என் வம்சம் வரைக்கும் போனார்.

கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ரேடியோவில் நல்ல பாட்டு வந்ததுபோல நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.