கிளட்ச் அண்ணன் தொடாத கால்

நாமக்கல்லில் கழுத்து, தோள், முதுகு இந்த மூன்றில் ஒன்றையாவது வைத்திருக்கும் எவரும் கிளட்ச் அண்ணனிடமிருந்து தப்பியதில்லை. டீக்கடையில் நீங்கள் பாட்டுக்கு வடையைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள். பின்னாலிருந்து இரண்டு கட்டைவிரல்கள் தோளில் இறங்கும். "ரொம்ப டைட்டா இருக்குதுங்க சாமி" என்று ஒரு குரல் கேட்கும். அப்புறம் வடை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்.

முன்பு லாரிப் பட்டறையில் கிளட்ச் பிளேட் மாற்றிக்கொண்டிருந்தவர். கிளட்சை மிதித்து மிதித்து இடதுகால் மரத்துப்போன டிரைவர்களுக்கு, வண்டி ரெடியாகும் வரை கெண்டைக்காலை அமுக்கிவிட ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் ரிப்பேரே இல்லாத வண்டிகளெல்லாம் பட்டறைக்கு வந்தன. பிறகு ஸ்பேனரைப் போட்டுவிட்டு, எங்கள் லாரி புக்கிங் ஆபீசுக்கு அடுத்த அறையில் ஒரு பெஞ்சும் எண்ணெய்க் கிண்ணமுமாக உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தார் என்பது பேச்சுக்குத்தான். அந்தக் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஆள் கிடைக்காவிட்டால் என் நாற்காலியின் முதுகைப் பிசைந்துகொண்டிருப்பார்.

மாடியில் எலும்பு டாக்டரின் சின்ன ஆஸ்பத்திரி. வினையே அங்கேதான். டோக்கன் வாங்கிக்கொண்டு படிக்கட்டில் காத்திருப்பவர்களை அண்ணன் விடமாட்டார். மேலே நர்ஸ் "டோக்கன் பதினொண்ணு!" என்று கத்தும்போது, பதினொன்று கழுத்தைச் சுழற்றிக்கொண்டே பஸ் ஏறியிருக்கும்.

ஒருநாள் டாக்டரே இறங்கி வந்துவிட்டார்.

"ஏனுங்க, எக்ஸ்ரே இல்ல, ஸ்கேன் இல்ல, எதை நம்பிக் கை வெக்கறீங்க? தொடக்கூடாத எடத்தத் தொட்டு ஒருநாளைக்கு ஒருத்தர் உசுரு போகப்போவுது!"

"உங்குளுது படிப்புங்க, என்னுது கைங்க. ஒரே ஒருத்தர உங்க சீட்டுல எழுதிக் கீழ அனுப்புங்க. எனக்கு அது போதும்."

"அது மட்டும் நடக்காது" என்று டாக்டர் தன் கழுத்தைத் தேய்த்தபடியே மேலே போனார். அந்தக் கழுத்தைப் பார்த்து அண்ணனின் விரல்கள் துடித்தன. நான் யார் பக்கம் என்று கேட்டால், முதுகு வலிக்கும்போது அண்ணன் பக்கம், டாக்டர் பேசும்போது டாக்டர் பக்கம்.

போன வருஷம், நாக்பூரில் நின்றுபோன எங்கள் லாரியை மீட்கப் போய், மூன்று நாள் கேபினில் உட்கார்ந்தபடியே ஊர் திரும்பினேன். இடது கெண்டைக்கால் விண் விண் என்று தெறித்தது. மாடிக்குப் போனால் டோக்கன், காத்திருப்பு. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நேராக அண்ணன் பெஞ்சில் குப்புற விழுந்தேன்.

புறங்கையைக் காலில் வைத்தார். மற்ற காலில் வைத்தார். பிறகு துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இத நான் தொடமாட்டனுங்க சாமி."

"என்னுங்ண்ணா வெளையாடறீங்க? போறவன் வாரவனுக்கெல்லாம் அமுக்கறீங்க, எனக்குக் கெடையாதா?"

"சதை புடிச்சிருந்தா இப்புடிக் கொதிக்காதுங்க. ஒரு காலு மட்டும் சூடா வீங்கிக் கெடக்குது. இது என்ற கை வேலை இல்லீங்க. மேல போலாம்."

"நடக்க முடியலைங்ண்ணா!"

"நடக்கவும் வேண்டாம்."

அலாக்காகத் தூக்கிவிட்டார். என் எடைக்கு அரிசி மூட்டையே தேவலை. டோக்கன் இல்லாமல் டாக்டரின் அறைக்குள் போன முதல் ஆள் நான்தான்.

திட்ட வாயைத் திறந்த டாக்டர் காலைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்திருந்தது.

"அமுக்கியிருந்தா இது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருக்கும். ஆளே போயிருக்கலாம்" என்றவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"தொட்டுப் பாத்தனுங்க."

மாடியிலேயே என்னைப் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். அண்ணன் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் என் மேல் கை போய்விடும் என்று பயந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய சிறை என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் டாக்டர் ஒரு சீட்டை நீட்டினார். அண்ணன் ஒரு கையை மட்டும் விடுவித்து வாங்கினார். 'கழுத்து, வலது தோள். பார்த்து அனுப்பவும்' என்று இருந்தது. நோயாளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் டாக்டரின் பெயர்.

"டோக்கன் வாங்கணுங்களா?" என்றார் டாக்டர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"எனக்கு எப்பங்ண்ணா?" என்றேன் நான்.

"உங்குளுக்கு டாக்டரு எழுதிக் குடுக்கட்டுமுங்க."

பல மாதம் கழித்து எனக்கும் எழுதிக் கொடுத்தார். இப்போது வலி என்று எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் காலையில் அண்ணன் அறையைத் தாண்டும்போது கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டுதான் நடக்கிறேன். அந்தக் கை ஓடி வர வேண்டுமே.