பந்தயக் காரும் தாய்மாமன் பட்டமும்

பென்னலூர்,
மாசி மாதம், 1991

அரக்கோணம் ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கும் மதிப்பிற்குரிய மைத்துனர் கோபால் அவர்களுக்கு,

பென்னலூரிலிருந்து தங்கள் அக்காள் புருஷன் எல்லப்பன் பணிவுடன் எழுதுவது. இங்கு நானும், தங்கள் அக்காள் அம்சவல்லியும், மகள் மஞ்சுளாவும், எருமைகள் இரண்டும் பெருமாள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கு தாங்களும் தங்கச்சி சசிரேகாவும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். கோபத்தில் இருப்பவரை நீ, வா, போ என்று எழுதினால் கடிதத்தைக் கிழித்துவிடுவார் என்று நம் டிராக்டர் டிரைவர் லாசர் சொன்னதால் 'தாங்கள்' போட்டிருக்கிறேன். எத்தனை வரிக்கு வரும் என்று தெரியவில்லை.

மச்சான், விஷயத்துக்கு வருகிறேன். மஞ்சுளாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை குன்றத்தூர், அம்பத்தூரில் கம்பெனி வேலை, நைட் ஷிப்டு பார்த்துப் பார்த்துக் கண் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறதே தவிர நல்ல பையன். பங்குனியில் முகூர்த்தம். பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் உன்னைக் கேட்காமலே உன் பேரை அச்சடித்துவிட்டோம். ஆனால் பேர் வந்தால் போதுமா, ஆள் வர வேண்டாமா? நெற்றியில் பட்டம் கட்ட யார் இருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். மாமன் முறையில் வேறு யாரையாவது நிறுத்திக்கொள்ளலாம் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், மஞ்சுளா உள்ளேயிருந்து, "எங்க மாமா கட்னா கட்டட்டும், இல்லன்னா வெறும் நெத்தியோட உக்காந்துக்கிறேன். வேற எவனாச்சும் கிட்ட வந்தான்னா எழுந்து போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மாவின் மகள், சொன்னால் செய்வாள். அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை.

எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான் காரணம். உன் அப்பாவும் என் மாமனாருமான மண்ணாங்கட்டி அவர்கள் கண்ணை மூடும்போது, "என் காரு யாருக்கு ஸ்டார்ட் ஆவுதோ அவங்க எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன், ஆனால் சொத்துப் பிரிக்கிற முறையா இது? கருமாதி முடிந்த கையோடு நீ புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹேண்டில் போட்டுச் சுற்றினாய். காலையிலிருந்து பந்தி முடியும் வரை சுற்றினாய். அது இருமியதே தவிர எழுந்திருக்கவில்லை. உன் அக்காள் எச்சில் இலை எடுத்த கையோடு வந்து, "ஏ, மானத்த வாங்காம எழுந்திரு" என்று ஒரு அதட்டுப் போட்டாள். உடனே கிளம்பி நின்றது. அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? "இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிச்சா எம் பேரு கோபால் இல்ல" என்று நீ போனவன்தான், ஆறு வருஷம் ஆகிவிட்டது. பத்திரிகையில் கோபால் என்றுதான் போட்டிருக்கிறது. பேரை மாற்றிக்கொண்டு வருவதானாலும் வா, கையால் திருத்திக்கொள்ளலாம்.

உன்னை எப்படியாவது வரவழைக்க வேண்டும் என்று நான் செய்த காரியத்தைக் கேள். இருங்காட்டுக்கோட்டையில் புதிதாகக் கார் பந்தய மைதானம் வந்திருக்கிறது அல்லவா, அங்கே பந்தயத்துக்கு முன்னால் பழைய வண்டிகளுக்கு மரியாதையாக மூன்று சுற்று விடுகிறார்களாம். தொப்பி போட்ட ஒரு பெரியவர் மெட்ராஸிலிருந்து நம் வீடு தேடி வந்து, மாட்டுக் கொட்டகையில் நின்ற காரைக் கண்டதும் குழந்தையைத் தடவுகிற மாதிரி தடவி, "இது சோழவரம் ரேஸ்ல ஓடின வண்டி ஆச்சே!" என்றார். எனக்கு உடனே யோசனை வந்துவிட்டது. வண்டி அங்கே ஓடினால் மைக்கில் மாமனார் பேரைச் சொல்வார்கள், பேப்பரில் போடுவார்கள், அரக்கோணத்தில் டீக் கடையில் நீ அதைப் படிப்பாய், மனசு இளகி பஸ் ஏறுவாய். இதுதான் என் கணக்கு.

வண்டியின் பூர்வீகம் வேண்டும் என்று அங்கே மைக்கில் பேசுகிறவர் கேட்டார். விடுவேனா? கப்பலில் வந்து இறங்கியது, முதலில் ஒரு வெள்ளைக்காரத் துரை வைத்திருந்தார், அவர் ஊருக்குப் போகும்போது புரசைவாக்கம் டாக்டர் வாங்கினார், மேலே கூரை இல்லாததால் கொண்டை கலைகிறது என்று டாக்டரம்மா கடைசி வரை ஏறவில்லை, எல்லாம் சொன்னேன். சோழவரத்தில் டாக்டர் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு நிற்கும்போது பிரசவ கேஸ் என்று ஆள் ஓடி வந்ததையும், அவர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி டிரைவராக இருந்த மாமனார் தலையில் கவிழ்த்து, "சும்மா சுத்திட்டு வா, குடுத்த பேரு வீணாகக் கூடாது" என்று போனதையும் சொன்னேன். மாமனார் முதலாவதாக வந்தார். ஆனால் கொடி காட்டினால் நிறுத்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. யாரோ கைக்குட்டை ஆட்டி உற்சாகப்படுத்துகிறார்கள் என்று பெட்ரோல் தீரும் வரை சுற்றியிருக்கிறார். கோப்பையில் டாக்டர் பேர். பிள்ளை பெற்றவளுக்கும் சுகம். டாக்டர் மனசு கேட்காமல், பிராக்டீஸை நிறுத்தியபோது கோப்பையைத் தான் வைத்துக்கொண்டு காரை மாமனாருக்கே கொடுத்துவிட்டார். இவ்வளவையும் கேட்ட மைக் ஆசாமி, "சார், ஓட்டினவரோட நெஜப் பேர சொல்லுங்க" என்றார். முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போனதால் வைத்த பேர் ஐயா, இதுதான் நிஜப் பேர் என்று நான் சத்தியம் பண்ண வேண்டியதாயிற்று.

வண்டியை லாசர் ஓட்டினான். அங்கேதான் வினை. உனக்குத் தெரியாது, நீ போன பிறகு நம் அம்மன் கோயில் வாகனத்தைக் கரையான் அரித்துவிட்டதால், ஆடி மாதம் அம்மன் ஊர்வலம் இந்தக் காரில்தான் போகிறது. கூரை இல்லாத வண்டி, அம்மனுக்கும் காற்றோட்டம். லாசர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற கிறிஸ்தவன், ஆனால் அம்மனை ஓட்ட அவனை விட்டால் ஆள் இல்லை. தட்டில் சூடம் தெரிந்தால் நிறுத்துவான், காட்டி முடித்ததும் நகர்த்துவான். ஆறு வருஷமாக இந்தக் காரில் அவனுக்கு வேறு பழக்கமே இல்லை.

பந்தயத்தன்று ஊரே டிராக்டரில் ஏறி வந்துவிட்டது. மைக் ஆசாமி இங்கிலீஷில் என்னென்னவோ பேசினார், நடுவில் "மண்ணாங்கட்டி" என்று வந்ததும் நம் ஆட்கள் அடித்த விசிலில் கொடி பிடித்தவர் பயந்துபோய்க் கொடியை முன்னாலேயே ஆட்டிவிட்டார். வண்டிகள் கிளம்பின. லாசர் நன்றாகத்தான் போனான், ஒரு வண்டியைக்கூட முந்தினான். முதல் வளைவில் வேலி ஓரம் நம் ஊர்ப் பொம்பளைகள் சூடத் தட்டோடு நின்றிருந்தார்கள். அம்மன் வண்டி வருகிறதே, சும்மா விடுவார்களா? லாசர் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. பின்னால் வந்த வண்டியெல்லாம் வரிசையாக நின்று ஹார்ன் அடித்தன. அதை மேளம் என்று நினைத்து, தட்டோடு நின்ற முனியம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. வேலியைத் தாண்டி இறங்கி, குடம் நிறைய மஞ்சள் தண்ணீரை பானெட் மேல் ஊற்றினாள். வண்டி ஒரு தும்மல் தும்மி அணைந்தது. தொப்பிக்காரப் பெரியவர் ஓடி வந்தார், அடிக்கப் போகிறார் என்று பார்த்தால் அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் நம் ஆட்கள் தள்ளிக்கொண்டே மூன்று சுற்றும் முடித்தார்கள். பாதியில் விட்டால் அம்மனுக்கு ஆகாதாம். உண்மையான பந்தயம் வெகுநேரம் தாமதம். பேப்பரில் ஒரு வரி வரவில்லை.

அன்று முதல் உன் அக்காள் என்னோடு பேசுவதில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலை காரைத் துடைப்பதுதான், எனக்குக் காப்பி அப்புறம். அப்பன் சொத்து என்று அவளுக்கு அப்படி ஒரு வெறி. அவளாக விடமாட்டாள். ஆகையால் மச்சான், நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன், இது நமக்குள் இருக்கட்டும். வருகிற வெள்ளிக்கிழமை அவள் குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் பத்திரிகை வைக்கப் போகிறாள். அவள் பஸ் ஏறியதும் லாசர் காரை டிராக்டரில் கட்டி, பேரம்பாக்கம் வழியாக இழுத்துவந்து உன் வீட்டு வாசலில் விட்டுவிடுவான். திருடு போய்விட்டது என்று நான் இங்கே நெஞ்சில் அடித்துக்கொள்கிறேன். நீ வண்டியை எடுத்துக்கொள், கோபத்தை விட்டுவிடு. என் பெண்ணுக்குப் பட்டம் கட்ட மட்டும் வந்துவிடு, உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். வரும்போது எதுவும் தெரியாதவன் மாதிரி வா.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் படித்துப் பெரிய ஆளாக வர ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமன்,
எல்லப்பன்

பின்குறிப்பு:

தம்பி கோபாலு, அக்கா எழுதறேன். உங்க மாமா இத்த மடிச்சி கவர்ல போட்டுட்டு, ஒட்டறதுக்கு ரெண்டு சோத்துப் பருக்கை குடுன்னு என்கிட்டயே நீட்னாரு. அந்த மூஞ்சிய பார்த்தாலே தெரிஞ்சிபோச்சி, பிரிச்சிட்டேன். இப்ப துன்னுட்டு குறட்ட வுட்டுக்கினு கீறாரு.

லாசர் வரமாட்டான். காரும் வராது. எனக்கு காரு மேல வெறியாம்! அத வச்சிக்கினு நான் இன்னாடா பண்ணப் போறேன்? நீ கோவிச்சிக்கினு கிளம்பினப்பவே சாவிய உன் கையில குடுத்திருப்பேன். குடுத்திருந்தா ஓட்டிக்கினு போயிருப்ப, அப்புறம் இந்தப் பக்கம் உனக்கு இன்னா வேல? வண்டி இங்க இருந்தா அதுக்கு சண்ட போடவாச்சும் வருவ, வந்தா ஒரு வாய் சோறு துன்னுட்டுப் போவன்னுதான் குடுக்கல. பாவி, நீ சண்ட போடக்கூட வரல. தெனமும் தொடைச்சி வச்சதெல்லாம் நீ வந்து பார்த்தா அழுக்கா கீதுன்னு சொல்லக் கூடாதுன்னுதான்.

காரு உன்னுது. வேணும்னா நீயே வந்து எடு. சசிரேகாவையும் புள்ளைங்களையும் கூட்டிக்கினு ரெண்டு நாள் முன்னாடியே வா. பட்டம் மட்டும் கொஞ்சம் பெருசா பார்த்து வாங்கு. மஞ்சுளாவுக்கு அப்படியே உன் நெத்தி, அகலம்.